என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 54 வயது. சொந்த ஊர் ராஜபாளையம். 2012 முதல் உகாண்டாவில், ஜிஞ்சா என்னும் ஊரில், ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருக்கிறேன். மனைவி ஊரில் இருக்கிறார். மகளைப் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பேத்திக்கு மூன்று வயது. மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். எனக்குக் குடி, சீட்டு என்று எந்தப் பழக்கமும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் ஒரு மாதம்கூடப் பணம் அனுப்பத் தவறியதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒருவனுக்கு அவன் வீட்டில் என்ன மரியாதை இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சென்ற சித்திரையில் வீட்டுக்கு வெள்ளையடித்து, முன்வாசல் கம்பிக் கதவுக்குப் பச்சை வண்ணம் பூசியிருக்கிறார்கள். 2016இல் வீடு கட்டும்போதே அந்தக் கதவுக்குச் சாம்பல் நிறம்தான் என்று நான் சொல்லியிருந்தேன். மகன் அனுப்பிய படத்தில்தான் பச்சையைப் பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்தளம் தோண்டியது முதல் மொட்டைமாடி வரை அந்த வீட்டை நான் அலைபேசியில் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். தரைக்கு எந்த டைல்ஸ் என்பதைக்கூடப் படம் அனுப்பச் சொல்லித் தேர்ந்தெடுத்தேன். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 45 நாள் விடுப்பு. அந்த வீட்டில் நான் தூங்கிய இரவுகளைக் கணக்குப் பார்த்தால் இருநூறு தேறாது. ஒரு கதவின் நிறத்தைச் சொல்லும் உரிமைகூட எனக்கு இல்லையா?

கதவு மட்டும் என்றால் விட்டிருப்பேன். என் பழைய டிவிஎஸ் 50 வண்டியை மகன் விற்றுவிட்டான். ‘யாரும் ஓட்டவில்லை, துருப்பிடித்துக் கிடந்தது’ என்கிறான். அந்த வண்டியில் அவனை முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனவன் நான். மனைவியிடம் கேட்டால், ‘நான்தான் விற்கச் சொன்னேன்’ என்கிறார். அவரோடு பேசுவதே இப்போது நான்கைந்து நிமிடம்தான். ‘சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி இருக்கிறது, வைக்கட்டுமா’ என்று முடிந்துவிடுகிறது.

இங்கே நான் படும் பாடு அவர்களுக்குத் தெரியாது. ஜிஞ்சா, தலைநகர் கம்பாலாவிலிருந்து கிழக்கே 80 கிலோமீட்டர். விக்டோரியா ஏரியிலிருந்து நைல் நதி புறப்படும் இடம். 2020இல் இதை மாநகரமாக்கினார்கள் என்றாலும் பழைய ஊரை ஒரு மாலையில் நடந்தே சுற்றிவிடலாம். ஆற்றின் குறுக்கே 1954இல் திறந்த அணை இருக்கிறது. அணையை ஒட்டிக் குடியிருந்தும் எங்களுக்கு மின்சாரம் நின்று நின்று வருகிறது. ஒரு கணம் மின் அழுத்தம் தாழ்ந்தாலே ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரம் தடுமாறி நூல் அறுந்துவிடும். பிறகு ஒவ்வோர் இழையாகப் பிடித்து ஒட்ட வேண்டும். அந்தப் பயம் உடம்பில் ஊறிவிட்டது. அறையில் படுத்திருந்தாலும் மின்விசிறியின் ஓசை மாறினால் விழித்துக்கொள்கிறேன். அநேகமாக எல்லா நாளும் விடியற்காலை மூன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதன் பிறகு தூக்கம் இல்லை.

சாப்பாடும் அப்படித்தான். இட்லி அரிசியைக் கம்பாலாவிலிருந்து யாராவது வாங்கிவர வேண்டும். வாழைக்காயை அவித்து மசித்த மாட்டோக்கே என் வாய்க்கு இன்னும் ஒத்துவரவில்லை. சோளமாவில் கிளறும் போஷோ, நம் ஊர்க் களி மாதிரி இருப்பதால் பழகிவிட்டது. தண்டுக்கீரையை இங்கே டோடோ என்கிறார்கள். பலாப்பழம் ஃபேனே. மழைக்கு முன்னால் ஏரியிலிருந்து சிறு பூச்சிகள் புகை எழும்புவது போல எழும்பி ஊருக்குள் வரும். அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சாப்பிட வேண்டியதுதான். மலேரியா எனக்கு நான்கு முறை வந்தது. நான்காவது முறை வந்ததை வீட்டில் சொல்லவில்லை.

வந்த புதிதில் சந்தைக்குப் போனால் ‘முயிந்தி’ என்பார்கள். இந்தியர் என்று பொருள். விலையும் இரண்டு மடங்கு சொல்வார்கள். இப்போது கீரைக்காரப் பெண்கள் ‘முஸே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெரியவர் என்று அர்த்தம். எதிரில் வருபவர்கள் ‘ஜெபலே கோ’ என்று வணக்கம் சொல்வார்கள். ‘வேலை செய்கிறீர்களே, நன்றி’ என்பது போன்ற சொல் அது. முன்பின் தெரியாதவன்கூடச் சொல்வான். நான் நூல் ஒட்டக் கற்றுக்கொடுத்த ஒரு பையன் இன்று ஷிப்டு மேற்பார்வையாளர். தன் இரண்டாவது மகனுக்கு என் பெயரை வைத்திருக்கிறான். வேற்று நாட்டானுக்கு என்னைப் பற்றி இருக்கும் மதிப்பு என் வீட்டில் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நைல் புறப்படும் இடத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியை 1948இல் அங்கே கரைத்தார்கள். சிலை வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் தமிழ் பேசுபவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். இங்குள்ள இந்தியர்களில் பெரும்பாலோர் குஜராத்தியர். என் வீட்டு உரிமையாளரும் குஜராத்திதான். 1972இல் இடி அமீன் 90 நாளில் ஆசியர்களை வெளியேறச் சொன்னபோது, தன் அப்பா கட்டிய வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனவர். இருபது ஆண்டு கழித்து, சொத்துகளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தபோது, தன் வீட்டு வாசலில் நின்று உள்ளே போகலாமா என்று வேறு யாரிடமோ அனுமதி கேட்டாராம். அந்தக் கதையை அவர் சொன்னதிலிருந்து எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். வைகாசியில் பேத்திக்குக் காது குத்தினார்கள். தேதி குறித்து, மண்டபம் பேசி, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். தாத்தா நான் இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஆண்டு மே மாதம் எனக்கு விடுப்பு முறை வந்தது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக்கூடத் தேடி எடுத்து வைத்திருந்தேன், பிறகு கம்பெனியில் விடுப்பு கொடுக்கவில்லை என்று மகனிடம் சொல்லி அவன் அம்மாவிடம் சொல்லச் சொல்லிவிட்டு டிக்கெட் பணத்தைச் சம்பளத்தோடு வாங்கிக்கொண்டேன், அதில்தான் பேத்திக்குத் தோடு வாங்க அனுப்பினேன். அந்தத் தோட்டையும் எந்தக் கடையில், என்ன மாதிரியில் வாங்குவது என்று என்னைக் கேட்கவில்லை. பணம் மட்டும் என்னுடையது. மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும் படத்தை இரவு பத்து மணிக்கு அனுப்பினார்கள்.

2023இல் ஊருக்குப் போயிருந்தபோதும் இப்படித்தான். வந்த மூன்றாம் நாள் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டேன். எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று தெரியவில்லை. தொட்டி நிரம்பிப் பக்கத்து வீட்டுச் சுவர் வரை வழிந்துவிட்டது. மனைவி ஓடிவந்து நிறுத்திவிட்டு, ‘நீங்கள் எதையும் தொடாதீர்கள், சும்மா உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். மகளும் மருமகனும் இருந்தார்கள். நான் கட்டிய வீட்டில் எனக்கு இந்தப் பேச்சு. பேத்திக்கு அப்போது பத்து மாதம். தூக்கினாலே அழுதாள். 45 நாளும் ஒரு புதுத் துண்டு, ஒரு புதுப் படுக்கை விரிப்பு. காப்பித்தூள் எங்கே என்று கேட்டால், ‘வேண்டுமானால் சொல்லுங்கள், போட்டுத் தருகிறேன்’ என்கிறார்கள்.

அடுத்த ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறீர்களா என்று மேலாளர் கேட்டிருக்கிறார். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இருந்தவன், இப்போது கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். என் அருமை அப்போதாவது அவர்களுக்குத் தெரியட்டும். என்னை மதிக்காத குடும்பத்தோடு நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? பணம் அனுப்புவதைக் கொஞ்சம் குறைத்தால் புரிந்துகொள்வார்களா? உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
ஜிஞ்சா, உகாண்டா

•

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள் பக்கம்தான் இருந்தேன். பதின்மூன்று ஆண்டுகள் மூன்றரை மணிக்கு விழித்து, இருட்டில் சாப்பிட்டு, ஒரு வீட்டைத் தூரத்திலிருந்தே கட்டி எழுப்பிய மனிதர் நீங்கள். அந்த உழைப்புக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன்.

இரண்டாம் முறை படித்தபோது ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டேன். தடுப்பூசி அட்டைக்கும் பேத்தியின் தோட்டுக்கும் நடுவே, மூச்சு விடாமல் எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியம். விடுப்பு வந்தது. கொடுக்கவில்லை என்று மகனிடம் சொன்னீர்கள். கதவுக்கு ஒரு பத்தி, வண்டிக்கு ஒரு பத்தி கொடுத்த நீங்கள், உங்கள் வீட்டுக்கு நீங்களே போகாமல் இருந்ததற்கு அரை வரி கொடுத்திருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும் இப்போதைக்கு ஓரமாக வைப்போம். நாம் பேச வேண்டியது இதைத்தான்.

இப்படி ஒரு செய்தியைக் கேட்டால், அங்கே வேறு ஏதோ உறவு இருக்கிறது என்றுதான் பலரும் முதலில் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் கடிதம் முழுக்க வீட்டைப் பற்றித்தான் இருக்கிறது. வீட்டின் மேல் இவ்வளவு ஆசை உள்ள ஒருவர் அந்த வீட்டுக்குப் போகாமல் தவிர்க்கிறார் என்றால், அங்கே எதையோ கண்டு பயப்படுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. குஜராத்திப் பெரியவரின் கதை ஏன் ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை என்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். தன் வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்டவர் அவர். காப்பித்தூள் எங்கே என்று கேட்டவர் நீங்கள்.

அந்த 45 நாளில் உங்களுக்கு என்ன நடந்தது என்பதை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். ஜிஞ்சாவில், இரவுத் தூக்கத்தில்கூட மின்விசிறியின் ஓசையை வைத்து மின்சாரத்தின் நாடி பிடிக்கத் தெரிந்தவர் நீங்கள். ஒரு பஞ்சாலையே உங்கள் கையசைவில் ஓடுகிறது. ராஜபாளையத்தில் ஒரு தண்ணீர் மோட்டார் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியவில்லை. அது அவமானமாக இருந்தது. அதுவும் மருமகன் முன்னால். இன்னும் பத்து மாதத்தில் அந்த வீட்டுக்கு நிரந்தரமாகத் திரும்ப வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் மனம் பின்வாங்குகிறது. அங்கே முஸே இல்லை, மாஸ்டர் இல்லை, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மட்டுமே. உங்கள் பயம் இதுதான் என்றால், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் நீண்ட காலம் இருந்துவிட்டுத் திரும்பும் வயதில் இருக்கும் எத்தனையோ ஆண்கள் இதே பயத்தோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். யாருமே அதைப் பயம் என்று சொன்னதில்லை. எல்லோரும் உங்களைப் போலவே கோபம் என்றுதான் சொன்னார்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை’ என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆண்டு உங்கள் குடும்பத்தில் எடுத்த முடிவுகளிலேயே பெரியது கதவின் நிறம் அன்று. இரண்டு ஆண்டு காத்திருந்த மனைவியிடம் கணவர் வருவாரா, மாட்டாரா என்பதுதான். அந்த முடிவை எடுத்தவர் நீங்கள். அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்பது இருக்கட்டும், அவரிடம் நேராகச் சொல்லக்கூட இல்லை. மகன் வாயால் சொல்லவைத்தீர்கள். அந்தப் பிள்ளை உங்கள் பொய்யை உண்மை என்று நம்பி, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அவர் அன்றைக்கு அக்கம்பக்கத்தில், உறவில், எத்தனை பேரிடம் ‘லீவு கிடைக்கவில்லையாம்’ என்று சொல்லிச் சமாளித்திருப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் மனைவியோடு நான் பேசியதில்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய தேதிகளை வரிசையாக வைத்தால் வேறொரு கதை தெரிகிறது. சித்திரையில் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். மே மாதம் நீங்கள் வரவேண்டியது. வைகாசியில், அந்த 45 நாளுக்குள், பேத்திக்குக் காது குத்துகிறார்கள். வீட்டுத் தலைவர் வரப்போகிறார் என்றால்தான் நம் வீடுகளில் சுவருக்கு வெள்ளையும் கதவுக்கு வண்ணமும் பூசுவார்கள். தாத்தா ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் முகூர்த்தம் குறிப்பார்கள். நீங்கள் வருவதாகச் சொன்ன மாதத்திலேயே தேதி வைத்துவிட்டு, உங்களிடம் வேறு என்ன கேட்பார்கள்? உங்களைக் கேட்காமல் செய்தார்கள் என்று நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் இரண்டு காரியங்களும், எனக்கு என்னவோ, உங்களுக்காகவே செய்தவை போலத் தெரிகின்றன. மண்டபம் பேசி முடித்த பிறகுதான் ‘அப்பாவுக்கு லீவு இல்லை’ என்ற செய்தி போயிருக்கும். அந்தப் படத்தை இரவு பத்து மணிக்கு அனுப்பினார்களே, அதற்கு முன்னால் அந்த வீட்டில் அன்று உங்கள் பெயரை எத்தனை முறை சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

அந்த நாலு நிமிடப் பேச்சையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நான்காவது மலேரியாவை நீங்கள் வீட்டில் சொல்லவில்லை. மூன்றரை மணி விழிப்பைச் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றவில்லை. மோட்டார் அன்று உண்டான வலியை நிச்சயம் சொல்லவில்லை. ‘உடம்பு எப்படி இருக்கிறது’ என்று அவர் கேட்கும்போது, நீங்கள் ‘நன்றாக இருக்கிறது’ என்று முடித்துவிட்டால், அவர் வைக்கட்டுமா என்று கேட்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? முன்பின் தெரியாத எனக்கு எழுதியதில் பத்தில் ஒரு பங்கு அவருக்குப் போயிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் சொன்னதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டீர்கள். நான் அந்தப் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். 2012இல் அவருக்கு நாற்பதைத் தொடும் வயது இருக்கலாம். படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர். கொத்தனார், மின்வாரியம், வங்கி, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, மழையில் ஒழுகும் கூரை என்று எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். டைல்ஸை நீங்கள் படத்தில் தேர்ந்தெடுத்தீர்கள். அதை வெயிலில் நின்று எண்ணி இறக்கி வைத்தவர் அவர். ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லத் தெரிந்தவராக அவர் மாறியதால்தான் நீங்கள் நிம்மதியாக அங்கே வேலை செய்ய முடிந்தது. இரண்டு ஆண்டு முழுக்கத் தேவைப்படும் அந்தத் திறமையை 45 நாள் மட்டும் அணைத்துவைக்க யாராலும் ஆகாது. புதுத் துண்டும் புது விரிப்பும் உங்களை விருந்தாளியாக்கிவிட்டன என்று வருந்துகிறீர்கள். அது உண்மைதான், அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் பெட்டியில் வைத்துப் பாதுகாத்த நல்ல பொருளை வேறு யாருக்காவது எடுத்துக் கொடுத்தாரா என்றும் யோசியுங்கள்.

குஜராத்திப் பெரியவரோடு உங்களை நீங்கள் ஒப்பிடுவதை நான் ஏற்கவில்லை. அவரை ஓர் அரசு துரத்தியது. 90 நாள் கெடு. திரும்பியபோது வாசலில் நின்றவர்கள் அந்நியர்கள். உங்களை யாரும் துரத்தவில்லை. உங்கள் வாசலில் நிற்பவர் உங்கள் மனைவி, அதுவும் கதவுக்குப் புது வண்ணம் பூசிவிட்டு.

ஒன்று என்னை மிகவும் தொட்டது. ஜிஞ்சாவுக்குப் போன புதிதில் உங்களுக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை. முயிந்தி என்றார்கள், இரட்டை விலை சொன்னார்கள். கோபித்துக்கொண்டு அறையில் உட்கார்ந்துவிட்டீர்களா? இல்லை. கீரைக்கு அவர்கள் சொல்லும் பெயரைக் கற்றுக்கொண்டீர்கள். போஷோவைப் பழகிக்கொண்டீர்கள். ஒரு பையனுக்குக் கைபிடித்து நூல் ஒட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். முஸே என்ற பெயர் உங்களுக்கு மெதுவாக, பல ஆண்டுகளில் வந்தது. ஓர் அந்நிய ஊரில் அவ்வளவு பொறுமையாக இருந்தவர், சொந்த வீட்டில் மூன்றாம் நாளே முதலாளியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். அந்த வீடு உங்களுக்குப் புது ஊர்தான். நீங்களே கணக்குச் சொல்லியிருக்கிறீர்கள், இருநூறு இரவுகூட இல்லை என்று. மோட்டார் எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் என்ன குறைந்துவிடும்? பத்து மாதக் குழந்தை அழுததை நீங்கள் மனதில் வைத்திருக்கவே கூடாது. அந்த வயதில் எந்தக் குழந்தையும் புது முகத்தைப் பார்த்தால் அழும். இப்போது மூன்று வயது, கதை கேட்கும் வயது. ஏரியிலிருந்து புகை போல எழும்பும் பூச்சிகளைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா?

அங்கே முன்பின் தெரியாதவன்கூட ‘ஜெபலே கோ’ என்று உங்கள் உழைப்புக்கு நன்றி சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் உங்கள் மனதை எவ்வளவு ஆற்றியிருக்கிறது என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. உங்கள் மனைவிக்கு அந்தச் சொல்லை யார் சொன்னார்கள்?

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். பணத்தைக் குறைத்துப் பாடம் கற்பிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பணம் மட்டும்தான் என்னுடையது என்று வருந்துபவர், அந்தப் பணத்தையே ஆயுதமாக எடுத்தால், பிறகு உண்மையிலேயே அது மட்டும்தான் மிஞ்சும். இரண்டு ஆண்டு நீட்டிப்பில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். அருமை தெரியட்டும் என்பதற்காக இருக்கும் இரண்டு ஆண்டு, இன்னும் இரண்டு காது குத்துகளைப் படத்தில் பார்க்கும் இரண்டு ஆண்டாகத்தான் முடியும். இருவரும் பேசி, பணத் தேவைக்காகவோ, வேலையின் மேல் உள்ள ஆசைக்காகவோ இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று முடிவெடுத்தால் அது வேறு. அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். பேசாமல் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். மகனிடம் இல்லை, மகளிடம் இல்லை, அவரிடம். விடுப்பு கிடைத்தது, நான்தான் வரவில்லை, வர எனக்குப் பயமாக இருந்தது என்று மூன்று வாக்கியம் போதும். அவர் கோபப்படலாம், அழலாம், இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். அந்தக் கோபத்துக்கு அவருக்கு முழு உரிமை உண்டு. உடனே கதவையும் வண்டியையும் எடுத்துப் பதிலுக்கு வைத்துவிடாதீர்கள். கேட்டுக்கொண்டிருங்கள். மகனிடமும் பிறகு மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் பொய்யைச் சுமந்தவன் அவன்.

அதன் பிறகு, ஆகஸ்டுக்கு முன்னால் எத்தனை நாள் விடுப்பு கிடைத்தாலும் சரி, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு மாதத்தில் ஊருக்குப் போய் வாருங்கள். காப்பித்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

அவரோடு எப்போது பேசுவது என்று தயங்க வேண்டாம். உங்களுக்கு விழிப்பு வரும் மூன்றரை மணிக்கு ராஜபாளையத்தில் ஆறு மணி. வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம். அவர் மோட்டார் போட எழுந்திருப்பார்.